ரிசீவரை எந்த எண்ணால் எடைபோடுவது?

2020 என்.எஃப்.எல். டிராஃப்டின், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், 21-ஆவது தேர்வில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) எடுத்தது. அடுத்த தேர்விலேயே மினசோட்டா வைக்கிங்ஸ் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் ஆண்டு முடிந்தபோது ரேகர் கணக்கில் 31 கேட்ச், 396 யார்டு. ஜெஃபர்சன் கணக்கில் 88 கேட்ச், 1,400 யார்டு.

கடைசிக் கல்லூரிப் பருவத்தை மட்டும் பார்த்தால், இதில் குழம்ப என்ன இருந்தது என்றுதான் தோன்றும். எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது). டி.சி.யூ.வில் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) ரேகர் 43 கேட்ச், 611 யார்டு, 5 டச்டவுன். ஆனால் ரேகரை விரும்பியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். அந்தப் பருவத்தில் அவருக்குப் பந்து எறிந்தவர் கல்லூரிக்குப் புதிதாக வந்த முதலாண்டு குவாட்டர்பேக். அதற்கு முந்தைய பருவத்தில் ரேகர் 1,061 யார்டு எடுத்தவர். அந்த அணியின் முதல் ரிசீவர் அவர்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஜெஃபர்சனுக்கு எறிந்தவரோ ஜோ பர்ரோ. 2019-இல் அவர் கை 5,671 யார்டும் 60 டச்டவுனும் எறிந்தது. போதாததற்கு, ஜெஃபர்சன் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது ஓரத்தில் அல்லாமல் சற்று உள்ளே, நின்றார். எதிரே யாரும் கை வைத்துத் தடுக்காமல் ஓடத் தொடங்கும் வசதி அந்த இடத்தில் அதிகம். அந்த இடத்தில் யார் நின்றாலும் 1,000 யார்டு வந்திருக்குமே என்று கேட்டார்கள்.

கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். ரிசீவர் பற்றிய எந்தப் புள்ளிவிவரமும் ஒரு பின்னம். மேலே யார்டு. கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: பருவமா, ஆட்டமா, அணியின் மொத்த யார்டா, அணி எறிந்த பந்துகளா, அவர் ஓடிய ரூட்டுகளா, அதாவது பந்து வாங்க ஓடும் வகுத்த பாதைகளா? ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. டெஸ்ட் சராசரியைப் பார்த்து டி20 ஏலத்தில் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான்.

மொத்த யார்டு

பார்க்க எளிது, ஏமாற்றுவதும் எளிது. வேகமாக ஆடும் அணி, பந்தைக் கையில் கொடுத்து ஓடாமல் எறிந்துகொண்டே இருக்கும் அணி, 12-க்குப் பதில் 15 ஆட்டம் ஆடும் அணி என எல்லாமே மேலே உள்ள எண்ணைப் பெருக்கும். 2019-இல் எல்.எஸ்.யூ. ஆடியது 15 ஆட்டம். ஓலே மிஸ் என்ற மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் டி.கே. மெட்காஃப் 2018-இல் கழுத்துக் காயத்தால் 7 ஆட்டத்தோடு நின்றார். 26 கேட்ச், 569 யார்டு. அந்த 569-ஐ 1,540-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

ஆட்டத்தால் வகுத்தால் காயத்தின் பாதிப்பு மட்டும் சரியாகும். மெட்காஃபுக்கு ஆட்டத்துக்கு 81 யார்டு. அதே அணியில் 12 ஆட்டமும் ஆடி 1,320 யார்டு எடுத்த ஏ.ஜே. பிரவுனுக்கு 110. ஆட்டத்துக்கு அணி எத்தனை பந்து எறிந்தது என்ற வித்தியாசம் அப்படியே இருக்கும்.

டச்டவுனைப் பற்றி ஒரே வார்த்தை: கடைசியில் பாருங்கள். பிரவுன் அந்த 1,320 யார்டில் 6 டச்டவுன்தான் எடுத்தார். 2023-இல் எல்.எஸ்.யூ.வின் பிரையன் தாமஸ் 1,177 யார்டில் 17 எடுத்தார். கோட்டுக்கு 5 யார்டு முன்னால் வந்ததும் பயிற்சியாளர் யாருக்குப் பந்து கொடுக்கச் சொல்கிறார் என்பதே இதில் பாதியைத் தீர்மானிக்கிறது.

அணியில் பங்கு

அணி எறிந்து பெற்ற மொத்த யார்டில் இவர் பங்கு எத்தனை விழுக்காடு? இதையும் டச்டவுன் பங்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் டாமினேட்டர் என்று வழங்கும் எண் வரும். குவாட்டர்பேக் நல்லவரா மோசமானவரா என்ற சிக்கலை இது ஓரளவு கழித்துவிடுகிறது என்பதே இதன் பலம்.

ஜெஃபர்சனை இதில் வைத்துப் பாருங்கள். 2018-இல் பர்ரோ சாதாரண குவாட்டர்பேக், 2,894 யார்டு. அதில் ஜெஃபர்சன் எடுத்தது 875, அதாவது 30 விழுக்காடு. 2019-இல் பர்ரோவின் 5,671-இல் 1,540, அதாவது 27 விழுக்காடு. உலகமே வியந்த பருவத்தில் அவர் பங்கு கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. பர்ரோவின் நிழலில் வளர்ந்தவர் என்ற வாதம் இங்கேயே பாதி உடைகிறது: பர்ரோ சாதாரணமாக எறிந்தபோதும், 19 வயதில், அணியின் யார்டில் முப்பது விழுக்காடு ஜெஃபர்சனுடையது.

பங்கு குறைந்ததற்குக் காரணம் ஜமார் சேஸ். 2019-இல் அவர் 84 கேட்ச், 1,780 யார்டு; பர்ரோவின் எறிதலில் 31 விழுக்காடு. பங்கு என்ற எண்ணின் ஓட்டை இதுதான். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு நல்லவர் என்பது அதற்குத் தெரியாது. வெறும் ஆட்களுக்கு நடுவில் 35 விழுக்காடு எடுப்பதும், பின்னாளில் முதல் ஐந்து தேர்வுக்குள் போகும் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று 27 எடுப்பதும் ஒன்றல்ல, இரண்டாவதுதான் கடினம். ரேகரின் 2018 பங்கு பெரிதாகத் தெரிந்ததற்கும், அது ஏமாற்றியதற்கும் இந்த ஓட்டைதான் வழி.

கணக்குப் போடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. மேலே செய்ததுபோல் ஒரே குவாட்டர்பேக்கின் யார்டைக் கீழே போடுவது அவசரத்துக்கு ஆகும், முடிவுக்கு ஆகாது. 2023 எல்.எஸ்.யூ.வில் மாலிக் நேபர்ஸ் 1,569 யார்டு. ஜேடன் டேனியல்ஸின் 3,812-ஆல் வகுத்தால் 41 விழுக்காடு என்று மலைக்கவைக்கும் எண் வரும். ஆனால் பருவ முடிவில் வரும் பௌல் ஆட்டத்தில் டேனியல்ஸ் ஆடவில்லை. அன்று எறிந்தவர் காரெட் நஸ்மையர். நேபர்ஸ் அன்று ஆடினார். அந்த ஆட்டத்தின் யார்டு மேலே இருக்கிறது, கீழே இல்லை. எப்போதும் அணியின் மொத்தத்தையே போடுங்கள். ரிசீவர் ஆடாத ஆட்டங்களைக் கீழிருந்தும் கழியுங்கள்.

பௌல் ஆட்டம் வேறொரு வழியிலும் கெடுக்கும். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 2021-இல் எடுத்த 1,606 யார்டில் 347 ஒரே ஆட்டத்தில், ரோஸ் பௌலில், வந்தது. அணியின் மற்ற இரு பெரிய ரிசீவர்களான காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் டிராஃப்டை மனத்தில் வைத்து அன்று ஆடவில்லை. அதைக் கழித்தால் 12 ஆட்டத்தில் 1,259. ஆட்டத்துக்கு 124 என்பது 105 ஆகிறது. அப்போதும் வில்சனின் 96-ஐயும் ஒலாவேயின் 85-ஐயும் விட அதிகம்தான். அந்த இருவரும் 2022-இல் 10, 11-ஆவது தேர்வுகளில் போனார்கள் என்பதை நினைத்தால், கழித்த பிறகு மிஞ்சும் 105-தான் உண்மையில் வியக்கவேண்டிய எண்.

எறிந்த பந்துக்கு யார்டு, ஓடிய ரூட்டுக்கு யார்டு

இந்த இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

முதலாவதை யாரும் இலவசமாகக் கணக்கிடலாம். அவர் ஆடிய ஆட்டங்களில் அணி எறிந்த பந்துகளால் அவர் யார்டை வகுக்க வேண்டும். அவசரத்துக்கு இங்கேயும் பர்ரோவின் எறிதல்களை மட்டும் போட்டால், ஜெஃபர்சன் 2018-இல் 379 எறிதலுக்கு 875, அதாவது 2.31. 2019-இல் 527-க்கு 1,540, அதாவது 2.92. பங்கு குறைந்தபோதும் இந்த எண் ஏறுகிறது. அணி மொத்தமும் திறமையானதன் விளைவு அது. சேஸுக்கு 3.38 வருகிறது, அவர் ஒரு ஆட்டம் ஆடாமல் விட்டதைக் கழிக்காமலேயே. 2-க்கு மேல் போனால் கவனிக்கத் தக்கவர், 2.5-ஐத் தாண்டினால் நல்லவர் என்று ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். 19, 20 வயதில் வந்தால் இன்னும் மதிப்பு.

இரண்டாவதற்கு ஒவ்வொரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்து, ரிசீவர் எத்தனை முறை ரூட் ஓடினார் என்று எண்ண வேண்டும். ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் போன்றவர்கள் எண்ணிக் காசுக்குத் தருகிறார்கள். திறமையை அளப்பதில் இதுவே கூர்மையானது. ரூட் ஓடுவதுதான் ரிசீவரின் வேலை. அவர் விலகி நின்றால் பந்து வரும், விலகாவிட்டால் வராது. பந்து வராத ஓட்டமும் கீழே சேர்வதால், பந்தை ஈர்க்கும் திறமையும் பந்தை வைத்து என்ன செய்கிறார் என்பதும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. கேட்சுக்கு எத்தனை யார்டு என்ற பழைய எண் இதில் பாதியைத் தவறவிடுகிறது: ஆட்டத்துக்கு இரண்டே பந்து, இரண்டும் 40 யார்டு என்றால் அதில் அவர் மாமன்னர்.

கைக்கணக்கு இங்கே கொஞ்சம் கடுமை: கல்லூரியில் 2 என்பது குறைந்தபட்சம், 2.5 நல்லது, 3 அரிது.

கெடுவது எங்கே என்றால், முதலில் எண்ணிக்கையில். 120 ரூட்டுக்கு 3.4 என்று ஒருவர் வந்து நின்றால் அது ஒரு 75 யார்டு டச்டவுனின் வேலையாக இருக்கலாம். அந்த 75-ஐ எடுத்துவிட்டால் 408 யார்டு 333 ஆகும், 3.4 போய் 2.8 வரும். அதே 75 யார்டு 400 ரூட் ஓடியவருக்கு 0.2-கூட மாற்றாது. இரண்டாவது, ஆட்டமுறை. 2022-இல் டென்னசியின் ஜேலின் ஹையட் 67 கேட்ச், 1,267 யார்டு, 15 டச்டவுன் எடுத்து, நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் வாங்கினார். அலபாமாவுக்கு எதிராக மட்டும் 207 யார்டு, 5 டச்டவுன். டென்னசி ரிசீவர்களை எல்லைக்கோட்டை ஒட்டி மிக அகலமாக நிறுத்தி, வேகமாக ஆடி, தடுப்பாளர்கள் நிலைகொள்ளும் முன்பே நேராக ஓடவிடும் அணி. ரூட் வகை மிகக் குறைவு. அதில் வந்த எண் பெரிதுதான். ஆனால் அது எந்த வேலைக்கான எண் என்பதே கேள்வி. நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை 73-ஆவதாக எடுத்தது. முதல் ஆண்டில் 23 கேட்ச், 373 யார்டு.

இரண்டு எண்ணும் கையில் இருந்தால் அவற்றுக்கு இடையிலான இடைவெளியையும் படியுங்கள். ரூட்டுக்கு 2.9, எறிந்த பந்துக்கு 1.6 என்றால், எறிதல்களில் பாதிக்குத்தான் அவர் களத்தில் இருந்திருக்கிறார். ஏன் என்று தேடுங்கள். பழைய ஆள் ஒருவர் முன்னால் நின்றதாலா, சக ஆட்டக்காரருக்காக எதிராளியை மறிக்கும் வேலை தெரியாததாலா, சில உத்திகளுக்கு மட்டுமே அவரை இறக்கியதாலா? முதல் காரணம் மன்னிக்கக்கூடியது. மற்ற இரண்டும் என்.எஃப்.எல்.லில் தானாகச் சரியாகிவிடாது.

ஸ்கிரீன் பாஸை, அதாவது முன்னால் சக ஆட்டக்காரர்கள் மறித்து நிற்க அருகிலேயே கொடுக்கும் குட்டை எறிதலை, தனியே பிரித்துவிடுவது நல்லது. உதாரணத்துக்கு 80 கேட்சில் 1,000 யார்டு. அதில் 30 கேட்ச் ஸ்கிரீன், 210 யார்டு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 50 கேட்சில் 790. ஸ்கிரீன் தகுதியற்றது என்று சொல்லவில்லை. அது பயிற்சியாளர் கையில் வைத்துக் கொடுப்பது. மற்றது தடுப்பாளரிடமிருந்து தானே பிடுங்குவது.

பந்தைக் கோட்டைவிடுவது, மல்லுக்கட்டிப் பிடிப்பது

கோட்டைவிட்ட பந்தின் விகிதத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டை, ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. ஒரு பருவத்தில் பிடிக்கக்கூடிய பந்து 60 வருகிறது, உண்மையான நழுவல் 8 விழுக்காடு என்று கொள்ளுங்கள். எதிர்பார்ப்பது 5 நழுவல். வெறும் தற்செயலாலேயே அது 3-க்கும் 7-க்கும் இடையில் ஆடும். 5 விழுக்காட்டுக்காரர், 12 விழுக்காட்டுக்காரர் என்று இருவரை ஒரு பருவத்தை வைத்துப் பிரிப்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம். மூன்று பருவமும் 10 விழுக்காட்டுக்கு மேல் என்றால் மட்டும் கவலைப்படலாம்.

தடுப்பாளர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எகிறிப் பிடிப்பது படக்காட்சியில் அழகு. ஆனால் அப்படிப் பிடிக்கும் சந்தர்ப்பம் அதிகம் வருகிறது என்றாலே விலகி நிற்க முடியவில்லை என்று ஒரு பொருள் உண்டு. 2019-இல் நியூ இங்கிலாந்து 32-ஆவதாக எடுத்த என்கீல் ஹாரிக்கு அரிசோனா ஸ்டேட்டில் கடைசிப் பருவத்தில் 73 கேட்ச், 1,088 யார்டு. வயது குறைவு, முதலாண்டிலிருந்தே ஆட்டம், அணியில் பெரிய பங்கு. மேலே சொன்ன சோதனைகள் பலவற்றில் தேறியவர். மல்லுக்கட்டிப் பிடிப்பதுதான் அவர் பெயர். நியூ இங்கிலாந்தில் மூன்று பருவத்தில் மொத்தம் 57 கேட்ச். அதே டிராஃப்டில் பிரவுன் 51-ஆவதாகவும் மெட்காஃப் 64-ஆவதாகவும் போனார்கள். முதல் ஆண்டில் அவர்கள் எடுத்தது முறையே 1,051, 900 யார்டு.

வயது, ஓட்டம்

20 வயதுக்குள் அணியின் யார்டில் 20 விழுக்காட்டைத் தாண்டியவரா என்பது மலிவான, நல்ல சல்லடை. பருவம் தொடங்கும் நாளில் எத்தனை வயது என்று பாருங்கள். கல்லூரியில் எத்தனாவது ஆண்டு என்பது உதவாது. ஒரு பருவம் உட்கார்ந்திருந்தவர்களும், 2020 பெருந்தொற்றுக்காகக் கிடைத்த கூடுதல் ஆண்டைப் பயன்படுத்தியவர்களும் 23, 24 வயதில் 19 வயதுப் பையன்களை எதிர்த்து ஆடியிருப்பார்கள்.

சல்லடையில் தப்புவதும் உண்டு. டெரி மெக்லாரின் 2019-இல் 23 வயதில் வந்தார். ஒஹாயோ ஸ்டேட்டில் கடைசிப் பருவத்தில் 701 யார்டு. டுவேன் ஹாஸ்கின்ஸ் எறிந்த 4,831-இல் 14.5 விழுக்காடு. எறிந்த பந்துக்கு 1.3. எல்லாச் சோதனையிலும் தோல்வி. ஆனால் அந்த 701 வந்தது வெறும் 35 கேட்சில். 40 யார்டு ஓட்டம் 4.35 வினாடி, ரிசீவர்கள் கூட்டமாக இருந்த அணி. 76-ஆவதாக எடுத்த வாஷிங்டனுக்கு முதல் ஆண்டில் 919 யார்டு. எண் மோசமாக இருப்பதற்கு ஒரு விளக்கம் இருந்தால் அதைக் கேளுங்கள். ஆனால் அந்த விளக்கத்துக்கு முதல் சுற்று விலை கொடுக்காதீர்கள்.

40 யார்டு ஓட்டத்தை எடையோடு சேர்த்துப் படிப்பது முறை. எடையை 200-ஆல் பெருக்கி, வினாடியின் நான்காம் அடுக்கால் வகுப்பார்கள். பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்குகளுக்காகப் பிறந்த சூத்திரம். 228 பவுண்டு, 4.33 வினாடி மெட்காஃபுக்கு 130. 188 பவுண்டு, 4.22 வினாடி ஜான் ராஸுக்கு 119. 204 பவுண்டு, 4.62 வினாடி கூப்பர் கப்புக்கு 90. 2017-இல் ராஸ் 9-ஆவது தேர்வு. முதல் ஆண்டில் ஒரு கேட்ச்கூட இல்லை. கப் 69-ஆவது தேர்வு. 2021-இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் என மூன்றிலும் லீக்கில் முதலிடம். வேகம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இந்த எண். வேகத்துக்கு மேல் வேகம் என்று கூட்டிக்கொண்டே போகக் கூடாது.

கப் கல்லூரி ஆட்டத்தின் கீழ்நிலைப் பிரிவில் ஆடியவர் என்பதால் அவருடைய 6,464 யார்டை எதனால் வகுத்தாலும் சந்தேகம் தீராது. அங்கே பெரிய கல்லூரிகளோடு மோதிய சில ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 2016-இல் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 12 கேட்ச், 206 யார்டு.

இருவரில் ஒருவர்

2024-இல் இரண்டாம் சுற்றின் முதல் இரண்டு தேர்வும் ரிசீவர். 33-ஆவதாக பஃபலோ கியான் கோல்மனை எடுத்தது, 34-ஆவதாக சார்ஜர்ஸ் லாட் மெக்காங்கியை. கடைசிக் கல்லூரிப் பருவத்தின் மொத்த யார்டில் கோல்மன் 658, மெக்காங்கி 478. டச்டவுனில் 11-க்கு 2. இதோடு நிறுத்தினால் கோல்மன்தான். ஆட்டத்தால் வகுத்தால் 55-க்கு 53. மெக்காங்கி 9 ஆட்டம்தான் ஆடினார். அணியை நோக்கினால் மெக்காங்கி பந்தைப் பங்கிட்டது பின்னர் 13-ஆவது தேர்வான பிராக் பௌவர்ஸோடு. ஓடிய ரூட்டால் வகுத்தால் மெக்காங்கி தெளிவாக முன்னால். ஓட்டத்தில் மெக்காங்கியின் 4.39-க்கு கோல்மனின் 4.61, எடையைச் சேர்த்தாலும் 100-க்கு 94. கோல்மன் பக்கம் மிஞ்சுவது உயரம், எகிறிப் பிடிப்பது, டச்டவுன். மூன்றில் இரண்டு நாம் கடைசியில் வைத்தவை.

முதல் ஆண்டில் மெக்காங்கி 82 கேட்ச், 1,149 யார்டு. கோல்மன் 29 கேட்ச், 556 யார்டு.

எண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்வி மெக்காங்கியிடமும் ஒன்று இருந்தது: 9 ஆட்டம் மட்டும் ஏன்? முதுகு, கணுக்கால் காயங்கள். அவை திரும்ப வருமா என்பது எந்தப் பின்னத்திலும் இல்லை. மருத்துவப் பரிசோதனை முடிவுகள் அணிகளின் கையில் மட்டும் இருக்கும். அதனால் வெளியிலிருந்து பட்டியல் போடுபவர்கள், இப்படிப்பட்ட ஒருவர் எதிர்பார்த்ததைவிட ஒரு சுற்று கீழே போனால், அன்றிரவே தங்கள் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது நல்லது.